யட்சியின் சொல்லாத காதலைக் கதையில் எழுதும் முறை

இரத்தம் குடித்து வாழும் யட்சி ஒருத்தி ஒருவன்மேல் ஆசை வைத்திருக்கிறாள்; அவனிடம் சொல்வதில்லை. இந்த ஒரு வரியோடு தொடர்கதை தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். ஐந்தாறு அத்தியாயத்தில் கதை தொய்ந்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஆசையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், மறைப்பதை எழுதுவதில்லை. மறைப்பது ஒரு வேலை. நாள்தோறும் செய்ய வேண்டியது, கைப்பழக்கம் கேட்பது, ஒருநாள் பிசகினால் தெரிந்துபோவது. பூக்கட்டுகிறவளின் விரலைக் கவனித்து எழுதுவதுபோல அந்த வேலையைக் கவனித்து எழுதினால் காதல் தானாகத் தெரியும்.

இங்கே சொல்பவை தோவாளை, ஆரல்வாய்மொழி, தக்கலை, மார்த்தாண்டம் என்று கேரள எல்லையை ஒட்டி நடக்கும் கதைகளை மனத்தில் வைத்துச் சொல்பவை. இந்தப் பக்கத்தில் யட்சியை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பனையும் பாலைமரமும் கள்ளியும் ஏற்கெனவே அவளுக்கு உரியவை.

தொடங்குமுன் மூன்று பழைய கதைகள்

முதலாவது காஞ்சிரோட்டு யட்சி. தென் திருவிதாங்கூரில், மார்த்தாண்ட வர்மர் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. மங்கலத்து வீட்டுச் சிருதேவி பல்லக்குச் சுமக்கும் ராமன்மேல் ஆசைப்படுகிறாள். அவனுக்கு மனைவி உண்டு. சிருதேவி அந்த மனைவியைக் கொல்ல ஏற்பாடு செய்கிறாள். உண்மை தெரிந்த ராமன் சிருதேவியைக் கொல்கிறான். யட்சியாகப் பிறந்து வந்தவள் பல ஆண்களின் இரத்தத்தைக் குடித்தாலும் மனசு ராமனிடமே நிற்கிறது. கட்டிக்கொண்டால் மன்னிக்கிறேன் என்கிறாள்; அவன் முகத்துக்கு நேரே மறுக்கிறான். கடைசியில் அவள் அண்ணன் கோவிந்தன் பேசி முடித்ததில் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வருஷம். இதில் கற்க வேண்டியது அந்த ஒரு வருஷம்தான். ஊரையே நடுங்கவைக்கிறவளால் ஒருவனிடம் விருப்பத்தை வாங்க முடியவில்லை, தவணை மட்டும் வாங்க முடிந்தது. உங்கள் கதைக்கும் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய ஓர் அளவு வேண்டும்: ஒரு வருஷம், நாற்பது இரவு, பதினொரு சந்திப்பு. அளவில்லாத ஏக்கம் வாசகருக்குக் களைப்பு.

இரண்டாவது நீலி. திருவாலங்காட்டுப் பழையனூரிலும் அவள் இருக்கிறாள், நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலும் இருக்கிறாள். தெற்கே பாடும் வழக்கில், தன் தாய் வீட்டைவிட்டுத் துரத்திவிட்ட கணவனைத் தேடி நகையோடு பின்னால் போகிறவள் அவள். மடியில் தலைவைத்துத் தூங்கும்போது நகைக்காக அவன் கொல்கிறான். பார்த்த சாட்சி ஒரு கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அதே கள்ளியின் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். பழைய காயத்தை அவள் வாயால் சொல்வதில்லை, கையில் சுமந்துவருகிறாள். உங்கள் பாத்திரத்துக்கும் ஒரு கள்ளிக்கொம்பு தேடிக்கொடுங்கள்.

மூன்றாவது, மந்திரவாதம் தெரிந்த கேரளத்துப் பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் உச்சந்தலையில் இரும்பாணி அடித்து அடக்கிய யட்சி. ஆணி இருக்கும்வரை அவள் வீட்டுவேலை செய்யும் சாதாரணப் பெண். ஒருநாள் ஒரு கிழவி அவளுக்குத் தலை வாரிவிடும்போது ஆணி கையில் தட்டுப்படுகிறது, பிடுங்கியதும் போய்விடுகிறாள். சோற்றானிக்கரைப் பகவதி கோயிலின் கீழ்க்காவுப் பாலைமரத்தில் ஆணி அடிக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமாக இருக்கும். மறைப்பதற்கு இதைவிட நல்ல படிமம் நம் பக்கத்தில் இல்லை: இரகசியம் கூந்தலுக்குள் இருக்கிறது, தலை வாரிவிடும் அளவுக்கு நெருங்கியவருக்கே கிடைக்கும். உங்கள் கதையில் அவளுக்குத் தலை வாரிவிடக்கூடியவர் யார் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். அது அவள் விரும்புகிறவனாக இருக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முப்பந்தல் இசக்கியம்மன் இன்றும் மக்கள் கும்பிடும் தெய்வம். பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். யட்சி என்ற சொல்தான் இசக்கி ஆனது என்பதால் அந்த அம்மனையே உங்கள் நாயகியாக்கிவிடாதீர்கள். உங்களுடையவள் வேறொருத்தி, அந்தக் கோயிலைத் தாண்டிப் போகும்போது அவளுக்கு என்ன ஆகிறது என்று எழுதலாம்.

வயதுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒருத்தியை வைத்துக்கொள்வோம். பெயர் வடிவு. தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் பூக்கட்டுகிறாள். செத்தது கொல்லம் 1040இல், இருபத்துநாலு வயதில்.

கொல்லம் ஆண்டைச் சும்மா அழகுக்காகப் போடவில்லை. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர்ப் பெண் 1865 என்று நினைக்க மாட்டாள். ஆங்கில ஆண்டிலிருந்து ஆவணிக்கு முன் என்றால் 825, ஆவணி பிறந்தபின் என்றால் 824 கழித்தால் கொல்லம் ஆண்டு வரும். காசும் அப்படியே. ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. வடிவு மனக்கணக்கை இன்றும் பதினாறு பதினாறாகப் போடுகிறாள் என்று வைத்தால், அவள் வயதைப் பற்றி ஒரு வரிகூடத் தனியாக எழுத வேண்டாம்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ஆண்டு, ஊரில் நடந்தது, அவளுக்கு நடந்தது. முதல் இரண்டும் உண்மையாக இருக்கட்டும். பேச்சிப்பாறை அணை 1897 முதல் 1906 வரை கட்டினார்கள். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்த மருமக்கள்வழிச் சொத்துமுறையைச் சட்டம் மாற்றியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. 1990களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன. மூன்றாம் பத்தி உங்கள் கற்பனை. முதல் இரண்டும் பிசகினால் இந்த ஊர் வாசகர் அந்த இடத்திலேயே கதையை மூடிவிடுவார்.

நிறைவேறாத பழைய காதல்கள்: மூன்றுக்கு மேல் வேண்டாம்

நூற்றறுபது வருஷம் வாழ்ந்தவளுக்கு முப்பது காதல் இருந்திருக்கலாம். வாசகர் மனத்தில் நிற்பது மூன்று. ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் நிறைவேறாமல் போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அவளிடம் ஒரே ஒரு பழக்கத்தை விட்டுப்போயிருக்க வேண்டும்.

வடிவுக்கு இப்படி அமைக்கலாம். முதல் ஆள், உயிரோடு இருந்தபோது அவளுக்கு முறைப்பையன். மருமக்கள்வழிக் குடும்பத்தில் சொத்து சகோதரி மகனுக்குப் போகும். அவன் கட்டிக்கொண்டது நிலம் வரும் வழியை. கடைசியாக அவள் பார்த்தது, அவன் வாங்கிப்போன பிச்சிப்பூ வேறொருத்தி தலையில் இருந்ததை. பழக்கம்: நாள் முழுக்கப் பிச்சி கட்டுவாள், ஒரு பூவைக்கூடத் தன் தலையில் வைக்க மாட்டாள்.

இரண்டாம் ஆள் பேச்சிப்பாறையில் கல் உடைத்தவன். அவள் யார் என்று தெரிந்ததும் கும்பிட ஆரம்பித்துவிட்டான். பூவும் பொரியும் கொண்டுவந்து வைத்தான். ஒருநாளும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம்: தரையில் கிடக்கும் பூவை எடுக்க மாட்டாள், கையில் கொடுத்தால்தான் வாங்குவாள். யட்சிக் கதைகளில் பயத்தை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கும்பிடு காதலுக்குப் போடும் தடையை எழுதியவர்கள் குறைவு, அதனால் இந்த இரண்டாவதற்கு இடம் கொடுங்கள்.

மூன்றாம் ஆள் 1956ஐ ஒட்டி வந்த பள்ளிக்கூட ஆசிரியர். அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டபோது கத்தி முனையில் வைத்து நீட்டினார். யட்சிக்குச் சுண்ணாம்பைக் கையால் கொடுக்கக் கூடாது, இரும்பில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அவருக்குத் தெரிந்திருக்கிறது; தெரிந்தும் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்; ஆனாலும் கத்திதான். பழக்கம்: சொந்தச் சுண்ணாம்பு டப்பா இல்லாமல் வெளியே வர மாட்டாள். யாரிடமும் சுண்ணாம்பு கேட்க மாட்டாள்.

எழுதும் வரிசைதான் முக்கியம். பழக்கத்தை இரண்டு முறையாவது, காரணம் சொல்லாமல், வேறு வேலைக்கு நடுவே காட்டுங்கள். அதன் பிறகே கதையைச் சொல்லுங்கள். அதுவும் மூன்று நான்கு வாக்கியத்தில். பத்தாயிரம் சொல் வரும் கதையில் பழங்கதை மொத்தமும் ஆயிரம் சொல்லைத் தாண்டினால் நிகழ்காலத்தில் இருப்பவன் மங்கிப்போவான். மூன்றில் ஒன்றைக் கடைசிவரை சொல்லாமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது. எதை விடலாம் என்றால், முதலாவதை. பிச்சிப்பூவைப் பார்த்து வாசகரே அதை எட்டிவிடுவார்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. பாதிப்பேர் இதைக் கவனிக்காமலே போகிறார்கள்.

வடிவு விரும்புகிறவன் திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றும் வண்டிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அவனைவிட இரண்டு மூன்று வயது கூடத் தெரிகிற பெண்ணை அவன் என்ன சொல்லிக் கூப்பிடுவான்? அக்கா என்பான். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்றால் சேச்சி என்பான். மரியாதையாகச் சொன்ன அந்த ஒரு சொல்லில் கதவு சாத்திவிட்டது. வில்லன் வேண்டாம், சாபம் வேண்டாம். ஒவ்வொரு இரவும் அவன் அன்பாக வந்து அதே கதவைச் சாத்துகிறான்.

அவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? தம்பி என்றால் தானே தாழ்ப்பாள் போட்டதாகும். அண்ணாச்சி என்றால் பொய். பெயர் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் பேசப் பழகியிருக்கிறாள். “சாயா குடிச்சாச்சா?” “வண்டி வந்தாச்சா?” “பணம் எண்ணியாச்சா?” இந்த வாக்கியங்களில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. கதை முழுக்க அவனிடம் அவள் பேசும் எல்லா வரியையும் இப்படியே அமைத்துப் பாருங்கள். சிரமமாக இருக்கும், அந்தச் சிரமம் அவளுடையது. பிறகு ஒரே ஓர் இடத்தில், ஆபத்தில் அல்லது கோபத்தில், “நீ” என்று வாய் தவறட்டும். அந்த ஓர் எழுத்து முழு அத்தியாயத்தின் எடையைத் தாங்கும்.

அகப்பாடல் மரபில் ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர். காதல் கைகூடாத ஆண் பனைமடலில் செய்த குதிரை ஏறி ஊரறியச் சொல்லலாம். பெண்ணுக்கு மடலேறும் உரிமை இல்லை என்கிறது தொல்காப்பியம். யட்சி பனையில் குடியிருப்பதை இதோடு சேர்த்து யோசித்தால் உங்களுக்கு ஒரு நல்ல காட்சி கிடைக்கும். மடல் முழுக்க அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பசியை எப்படி வைப்பது

பசியும் காதலும் ஒன்றே என்று எழுதுவது எளிது, அலுத்தும் போய்விட்டது. இரண்டையும் எதிரெதிரே வையுங்கள். அவன் வரும் இரவுகளில் வடிவு பசியோடு சந்தைக்கு வருவதில்லை. அவனுக்கு ஆபத்து வரக் கூடாதென்று முன்னாலேயே வேறெங்கோ பசி ஆறிவிட்டு வருகிறாள். அப்படியானால் அவனுடைய பத்திரத்துக்கு வேறொருவர் உயிர் விலையாகப் போகிறது. இந்தக் கணக்கை மறைக்காதீர்கள். அவளை நல்லவளாக்கக் காட்டுவிலங்கு இரத்தத்தைக் கொண்டுவந்தால் கதையின் முதுகெலும்பு போய்விடும். யார் செத்தது, அவர்கள் வீட்டில் யார் அழுதது என்பது ஒரு காட்சியிலாவது வர வேண்டும். யட்சிக் கதைகளில் காலையில் பனையடியில் கிடப்பது நகமும் முடியும் மட்டுமே. அதைக் குனிந்து பொறுக்குகிற கை யாருடையது என்று கேளுங்கள்.

கோயில் கொடைவிழா இரவுகள் இதற்கு நல்ல இடம். கணியான் கூத்தில் கைவெட்டு என்று ஒன்று உண்டு. கணியான் தன் கையைக் கீறித் தெய்வத்துக்கு இரத்தம் கொடுப்பார். விரும்பிக் கொடுக்கும் இரத்தம் உலகத்தில் இருக்கிறது, அது தனக்கு இல்லை என்று கூட்டத்தின் ஓரத்தில் நின்று அவள் பார்க்கலாம். அந்தக் காட்சியில் அவள் ஒன்றும் நினைக்க வேண்டாம். மகுடப் பறையில் கை படும் ஓசையை மட்டும் எழுதுங்கள்.

வெளிச்சம், வாசல், மரம்

சூரிய வெளிச்சம் பட்டால் எரிந்துபோவாள் என்பது கட்டாயம் இல்லை. 1897இல் வந்த டிராகுலா நாவலில் அந்தப் பிரபு பகலிலும் நடமாடுவார், சக்திதான் குறையும். வெளிச்சத்தில் அழிவது 1922ஆம் ஆண்டின் நோஸ்ஃபெராட்டு என்ற மௌனப்படத்தோடு பரவியது. உங்கள் விதியை நீங்களே வைக்கலாம். வைத்ததை மாற்றக் கூடாது. நாகர்கோவில் பக்கம் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஐரோப்பாவின் நீண்ட குளிர்கால இரவு இவளுக்குக் கிடைக்காது. எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

அழைத்தால்தான் உள்ளே வரலாம் என்ற வெளிநாட்டு விதியை அப்படியே எடுத்தால் இங்கே செல்லாது. குமரிப் பக்கத்தில் வாசலில் நிற்கிற யாரையும் “கேறி வாங்க” என்று சொல்லிவிடுவார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். அவனும் அவன் அம்மையும் பலமுறை கூப்பிட்டாகிவிட்டது. அவள்தான் “நடையிலேயே நிக்கேன், தேரமாச்சு” என்று நின்றுவிடுகிறாள். உள்ளே போக முடிந்தும் போகாமல் இருப்பதே இவள் காதல்.

யட்சியின் பாலைமரமான ஏழிலைப்பாலை பூப்பது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. சித்திரையில் பாலைப்பூ மணந்தது என்று எழுதினால் தவறு. ஓணத்தின்போது தோவாளையிலிருந்து கேரளத்துக்குப் பூ ஏற்றும் அவசரம் உச்சத்தில் இருக்கும். அவன் தினமும் வருவது அப்போதுதான். ஓணம் முடிந்த மறுநாள் சந்தை எப்படி இருக்கும் என்று யோசித்தால் உங்கள் நடு அத்தியாயம் தயார்.

ஒரு காட்சி, இரண்டு விதமாக

பிசகிய விதம்: அவன் வந்தான். அவளுடைய இதயம் நூறாண்டுகளுக்குப் பின் துடித்தது. அவன் கழுத்து நரம்பு அவளை அழைத்தது. இல்லை, இவனை நான் காதலிக்கிறேன் என்று கண்ணீர் வடித்தாள்.

எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. வாசகர் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இதையே மறைக்கும் வேலையாக எழுதினால்:

“சாயா குடிச்சாச்சா?”

“ஆச்சு அக்கா. அஞ்சு கிலோ பிச்சி வேணும். இருக்கா?”

“மூணுதான் இருக்கு. மீதி ஆறுமானூர்க் கூடை வரட்டும், வாங்கித் தாறேன். கொஞ்சம் நிக்கணும்.”

அவன் வண்டிப் படியில் உட்கார்ந்து காதில் துண்டைச் சுற்றிக்கொண்டான். காற்று ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வந்தது. வடிவு நாரை நனைத்து அரளியைக் கட்டத் தொடங்கினாள். அவள் காலடியில், ஈரத்துணிக்குள், இரண்டு கிலோ பிச்சி இருந்தது.

கடைசி வரியில் நிறுத்திவிடுங்கள். அவனை அரைமணி நேரம் உட்காரவைக்கத்தான் ஒளித்தாள் என்று விளக்கினால் அந்த இரண்டு கிலோவும் வாடிவிடும். ஊர்ப்பெயர் நீங்கள் வைத்ததாக இருக்கலாம், எடை உண்மையாக இருக்க வேண்டும்.

பேச்சு வழக்கில் ஒரு கவனம். தோவாளைப் பேச்சில் தாறேன், வாறேன், நிக்கேன், பைய, கேட்டியா என்று வரும். விளவங்கோடு பக்கம் மலையாளச் சாயல் கூடும். இரண்டையும் ஒரே ஆள் வாயில் கலக்காதீர்கள். வடிவின் பேச்சில் மட்டும் இன்றைக்கு வழக்கொழிந்த ஒரு சொல், அத்தியாயத்துக்கு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் நாடகத்தில் கிழவி பேசுவதுபோல் ஆகிவிடும்.

முடிவு

மூன்று முடிவுகளைத் தவிர்க்கலாம். அவனைக் கடித்துத் தன்னைப்போல் ஆக்குவது, நூற்றறுபது வருஷப் பொறுமையைப் பசியாகச் சுருக்கிவிடும். அவன் காதலால் அவள் மனுஷியாவது, பிணங்களின் கணக்கை அழித்துவிடும். அவனுக்காக வெளிச்சத்தில் நின்று அழிவதை எழுதலாம்தான். ஆனால் அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், தெரிந்துவிட்டால் அது மடலேறியதுபோல ஆகிவிடுகிறது.

பொருந்தக்கூடிய ஒன்று: அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. மாணிக்க மாலை கட்ட அவளிடமே சொல்கிறான். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை எல்லாம் மடித்துக் கட்ட நேரம் பிடிக்கும் மாலை; ஓர் இரவு முழுக்க அவன் பேரைச் சொல்லாமல் அவனுக்காக உட்கார்ந்திருக்க அவளுக்கு ஊரறிந்த காரணம் கிடைக்கிறது. காலையில் மாலையை வாங்க வந்தவன் வெற்றிலை மடிக்கிறான். சுண்ணாம்பு இல்லை. “அக்கா, சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்கிறான். நூறு வருஷமாக யட்சி கேட்ட கேள்வியை இப்போது அவன் அவளிடம் கேட்கிறான். அவள் டப்பாவைத் திறக்கிறாள். விரலில் எடுத்துக் கொடுப்பாளா, பூ நறுக்கும் கத்தியின் முனையில் வைத்து நீட்டுவாளா என்பதை எழுதி முடிக்கும்வரை நீங்களும் தீர்மானிக்காமல் இருங்கள். அவளுடைய கை எந்தப் பக்கம் போகிறது என்பது, அதுவரை நீங்கள் எழுதிய பழக்கங்களைத் திரும்பப் படித்தால் தெரியும்.